தாத்தா கம்ப்யூட்டரும் பேரன் கம்ப்யூட்டரும்

'பூம்ம்ம்... பீப்!'

குட்டீஸ், இது என்ன சத்தம், சொல்லுங்கள் பார்ப்போம்! அழகர்கோவிலில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கண் விழிக்கும் சத்தம். அதற்கு வயது நாற்பதை நெருங்குகிறது. மவுஸ் கிடையாது. சொந்தமாகத் திரையும் கிடையாது. பின்பக்கம் புடைத்த பழைய டி.வி. ஒன்றில் ஒயரைச் செருகினால், அதில் எழுத்து தெரியும். கம்ப்யூட்டர் முழுவதும் ஒரு தடித்த கீபோர்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது. கறுப்புப் பொத்தான்கள்; மேல் வரிசையில் மட்டும் பத்து சிவப்புப் பொத்தான்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கு வந்திருந்த என் பேத்தி இதைப் பார்த்துவிட்டு, "அம்மாச்சி, இதுல இன்டர்நெட் வருமா?" என்று கேட்டாள்.

"வராது" என்று சொல்லிவிட்டேன்.

முப்பது வருடத்துக்கு மேல் டீச்சராக இருந்தவள் இப்படி அவசரப்பட்டுப் பதில் சொல்லியிருக்கக் கூடாது. பள்ளி திறப்பதற்குள் அது வந்துவிட்டது! எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

முதலில் இந்தத் தாத்தா யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். இதன் பெயர் பி.பி.சி. மைக்ரோ. பி.பி.சி. என்றதும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ரேடியோவில் கேட்ட தமிழோசை நினைவுக்கு வரும். அதே பி.பி.சி.தான்! இங்கிலாந்து மக்களுக்குக் கம்ப்யூட்டர் பாடத்தை டி.வி. மூலம் நடத்தலாம் என்று அந்த நிறுவனம் முடிவு செய்தது. பாடம் நடத்தினால் போதுமா? தொட்டுப் பழக ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமே. கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஏகார்ன் என்ற சின்னக் கம்பெனி அதைச் செய்து கொடுத்தது. 1981 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது.

அது எப்படி நம் ஊருக்கு வந்தது? 1984-85ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் அறிமுகம் செய்யும் திட்டம். முதலில் 250 பள்ளிகள். பிறகு நாடு முழுவதும் 2,500க்கும் அதிகமான பள்ளிகளுக்கு இந்த பி.பி.சி. மைக்ரோ போய்ச் சேர்ந்தது. சண்டிகர் பக்கம் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் என்ற அரசு நிறுவனம், உரிமம் வாங்கி இதை 'யூனிகார்ன்' என்ற பெயரில் இந்தியாவிலேயே தயாரித்தது.

நான் வேலை பார்த்த பள்ளிக்கும் சில கம்ப்யூட்டர்கள் வந்தன. பிள்ளைகளைவிட நாங்கள்தான் அதிகம் பயந்தோம்! சில நாள் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புப் போடக் கூடாது, தூசி ஆகாது என்று ஒரு விதி இருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிரே மண் மைதானம்! அது வேறு கதை.

பின்னாளில் புதிய கம்ப்யூட்டர்கள் வந்தபோது பழையவற்றை ஏலம் விட்டார்கள். காயலான் கடைக்குப் போக இருந்த ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். கூடவே ஒரு கேசட்டும் வந்தது. அந்தக் கேசட்டை மறந்துவிடாதீர்கள். பின்னால் வேலை இருக்கிறது.

புகை வந்தது!

பரணில் இருந்து இறக்கித் துடைத்து, பேத்தி ஆசையோடு ஸ்விட்சைப் போட்டாள். 'பூம்ம்ம்... பீப்!' டி.வி.யில் 'பி.பி.சி. கம்ப்யூட்டர் 32கே' என்று எழுத்து வந்தது. இரண்டு பேரும் கை தட்டினோம். ஐந்து நிமிடம் இருக்கும். 'பட்' என்று ஒரு சத்தம். வெள்ளைப் புகை. மீன் கருகினாற்போல் ஒரு நாற்றம். ஓடிப் போய் மெயினை அணைத்தேன்.

மதுரை டவுனில் இருந்து எங்களுக்குத் தெரிந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர் வந்தார். பவர் சப்ளை பெட்டியைத் திறந்து, மஞ்சள் நிறத்தில் வெடித்துக் கிடந்த ஒரு சின்னப் பொருளை எடுத்துக் காட்டினார். கெப்பாசிட்டர். தமிழில் மின்தேக்கி. வீட்டு மின்சாரத்தில் வரும் 'கரகர'ப்பை வடிகட்டுவது இதன் வேலை. உள்ளே காகிதம் சுற்றியிருக்கும். மேலே கண்ணாடி போன்ற ஓடு. வருடக் கணக்கில் சும்மா கிடந்தால் அந்த ஓட்டில் கீறல் விழும். கீறல் வழியாகக் காற்றின் ஈரம் உள்ளே போகும். காகிதம் ஊறும். திடீரென்று மின்சாரம் பாய்ந்தால் புகைந்துவிடும். உலகத்தில் எங்கே பழைய பி.பி.சி. மைக்ரோ இருந்தாலும் இந்த இடத்தில்தான் முதல் புகை வரும்! புதிய கெப்பாசிட்டர் ஒரு தேங்காய் விலைகூட இல்லை.

பழைய கம்ப்யூட்டரைக் காப்பாற்றுகிறவர்கள் அனைவரும் சொல்வது இதுதான்: மூளை கெடுவதில்லை. சுற்றியிருக்கிற சில்லறைச் சாமான்தான் கெடுகிறது. 1984 ஜனவரியில் வந்த ஆப்பிள் கம்பெனியின் 'மெக்கின்டோஷ்' தெரியுமா? ஒன்பது அங்குலத் திரையும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டியில், தூக்கிக்கொண்டு போகத் தலையில் கைப்பிடியோடு இருக்கும். அதன் தம்பிகளில் சிலவற்றுக்கு எமன், நேரத்தை நினைவில் வைக்கும் ஒரு சின்ன பேட்டரி. அது கசிந்தால் உள்ளே இருக்கும் செம்புக் கோடுகளை அரித்துவிடும். டேப் ரிக்கார்டருக்கு ரப்பர் பெல்ட். அது வயதானால் வெல்லப் பாகு மாதிரி உருகிக் கையில் ஒட்டும்.

எங்கள் தாத்தாவுக்கு இன்னொரு நோய், எறும்பு! மலை அடிவாரத்து வீடு. கீபோர்டுக்குள் சிவப்பெறும்பு குடும்பமே நடத்தியிருந்தது. பிரஷ்ஷால் தட்டி, 'சிப்' ஒவ்வொன்றையும் அதன் சாக்கெட்டில் விரலால் லேசாக அழுத்திவிட்டார் மெக்கானிக். சாக்கெட்டில் துரு பிடித்தால் இணைப்பு விட்டுப் போகுமாம். அழுத்தினதும், எழுதாமல் இருந்த இரண்டு பொத்தான்கள் எழுதத் தொடங்கின.

குட்டீஸ், ஒரு கண்டிப்பான வார்த்தை. பவர் சப்ளையையும், பழைய டி.வி. பெட்டியையும் நீங்கள் திறக்கவே கூடாது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் டி.வி.க்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். நானும் திறக்க மாட்டேன். தெரிந்தவர் திறக்கட்டும், நாம் தள்ளி நின்று பார்ப்போம்.

இன்டர்நெட் ஏன் வராது?

தாத்தா எழுந்துவிட்டார். இனி இன்டர்நெட். வைஃபை காற்றில்தானே வருகிறது, இவருக்கு மட்டும் ஏன் வரக் கூடாது?

காரணம் ஒன்று, இடம். இவருடைய நினைவகம் 32 கிலோபைட். நான்கு ஜிகாபைட் நினைவகம் உள்ள கைப்பேசியோடு ஒப்பிட்டால் 1,31,072ல் ஒரு பங்கு! படங்களும் விளம்பரங்களுமாக இருக்கும் இன்றைய இணையப் பக்கம் ஒன்று இரண்டு மெகாபைட் இருந்தால், அதை வைக்க 64 தாத்தாக்கள் வரிசையில் நிற்க வேண்டும்.

காரணம் இரண்டு, பூட்டு. இன்று இணையத்தில் போகும் தகவல் பெரும்பாலும் ரகசிய எழுத்தாக மாற்றிப் பூட்டித்தான் அனுப்பப்படுகிறது. அந்தப் பூட்டைத் திறக்க நூற்றுக்கணக்கான இலக்கம் கொண்ட எண்களைப் பெருக்கி வகுக்க வேண்டும். தாத்தாவின் மூளை ஒரு தடவைக்கு 255 வரைதான் எடுத்துக்கொள்ளும். பெரிய எண்ணைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்குப் போடலாம். போட்டு முடிப்பதற்குள் எதிர்முனை, 'யாரும் இல்லை போலிருக்கிறது' என்று போனை வைத்துவிடும்!

அப்படியானால்? ஊருக்குப் புதிதாக வந்த பெரியவருக்குப் பாஷை தெரியாவிட்டால் என்ன செய்வோம்? பக்கத்தில் ஒரு துபாஷியை உட்கார வைப்போம். அந்த வேலைக்கு வந்தவன்தான் பேரன்.

பேரன் பெயர் ராஸ்ப்பெரி பை. 2012ல் வந்த, உள்ளங்கையில் அடங்கும் குட்டிக் கம்ப்யூட்டர். இவனும் அதே கேம்பிரிட்ஜ் நகரத்துக்காரன். பி.பி.சி. மைக்ரோவில் 'மாடல் ஏ', 'மாடல் பி' என்று இரண்டு வகை உண்டு. அந்த நினைவாகவே இவனுக்கும் 'ஏ', 'பி' என்று பெயர் வைத்தார்கள். பெயர் மட்டும் அல்ல, ரத்த சம்பந்தமும் உண்டு! ஏகார்ன் கம்பெனியில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்ற இரண்டு பொறியாளர்கள் ஒரு புதிய மூளையை வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரலில் அந்த 'சிப்' வந்ததும் ஒரு பி.பி.சி. மைக்ரோவில் இணைத்துத்தான் சோதித்துப் பார்த்தார்கள். அதன் பெயர் 'ஆர்ம்'. ராஸ்ப்பெரி பைக்கு மூளை அந்த வம்சம்தான். உங்கள் வீட்டுக் கைப்பேசிக்கும் அநேகமாக அதே வம்சம்தான்!

தாத்தாவின் முதுகில் ஐந்து துளை உள்ள வட்டமான சாக்கெட் ஒன்று இருக்கிறது. அதில் இருந்து பேரனுக்கு ஒரு ஒயர். நேரடியாகக் கொடுத்துவிடக் கூடாது. தாத்தா பேசுவது 5 வோல்ட்டில், பேரனுக்கு 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, கருகிவிடுவான். நடுவில் அதை மாற்றிக் கொடுக்க ஒரு சின்ன அடாப்டர் போட்டோம்.

பேரன் வைஃபையில் போய்ப் பக்கத்தை எடுத்து வருவான். பூட்டைத் திறப்பான். படத்தையும் விளம்பரத்தையும் தள்ளிவிட்டு எழுத்தை மட்டும் எடுப்பான். வரிக்கு 40 எழுத்தாக மடித்துத் தாத்தாவுக்குச் சொல்வான். தாத்தா ஒரு விநாடிக்கு 960 எழுத்து வாங்கிக்கொள்வார். 40 எழுத்து, 25 வரி என்றால் ஆயிரம். ஆக, ஒரு திரை நிரம்ப ஒரு விநாடிக்குக் கொஞ்சம் அதிகம். மோசம் இல்லை!

முதல் நாள் எல்லாம் சரியாக வந்து, திடீரென்று நின்றுவிட்டது. ஒயரைப் பார்த்தோம், அடாப்டரைப் பார்த்தோம். பேத்தி இரவு வரை புரோகிராமைப் புரட்டினாள். கடைசியில் மாடிக்குப் போனால், பிராட்பேண்ட் கேபிளைப் பிடித்து ஒரு குரங்குக் குட்டி ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கிறது!

மேலூர் கிராமங்களில் இன்டர்நெட்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இருக்கிற வசதியை வைத்து இன்டர்நெட்டைக் கொண்டுவருவது எங்கள் வட்டாரத்துக்குப் புதிது அல்ல. பக்கத்தில் இருக்கும் மேலூர் பகுதிக் கிராமங்களில் 2001 நவம்பரில் ஒரு பெரிய சோதனை தொடங்கியது. அப்போது பல கிராமங்களில் தொலைபேசியே அரிது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியிருந்தது. ஒரு கோபுரத்தில் இருந்து சுமார் பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்கு எட்டும். ஆனால், கிராமத்துக் கூரையில் நட்ட ஆன்டெனாவும் கோபுரமும் ஒன்றையொன்று 'பார்க்க' வேண்டும். நடுவில் புளியமரம் வளர்ந்தால் போச்சு!

வேகம் விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்றைக்கு ஒரு வீடியோ ஓடாது. ஆனால் அந்த வேகத்திலேயே, கிராமத்துக் கம்ப்யூட்டர் மையத்தில் வெப் கேமராவில் கண்ணைப் படம் எடுத்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டருக்கு அனுப்பினார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, 'நேரில் வர வேண்டும்', 'வர வேண்டியதில்லை' என்று சொல்வார். மதுரைக்குப் பஸ் ஏறி ஒரு நாள் கூலியை இழப்பது மிச்சம். மையங்கள் பலவற்றை நடத்தியவர்கள் உள்ளூர் இளைஞர்களும் பெண்களும்தான். மின்சாரம் போனால் தாக்குப்பிடிக்கக் கூடவே பேட்டரியும் வைத்திருந்தார்கள்.

சில வருடங்களில் பல மையங்கள் மூடப்பட்டன. வருமானம் போதவில்லை, பழுதானால் உடனே சரி செய்துதர ஆளும் இல்லை. கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டு மஞ்சள் கெப்பாசிட்டரைப் பார்த்தபோது எனக்கு அந்த மையங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

குதிரை எங்கே?

இப்போது அந்தக் கேசட்! தாத்தாவிடம் ஹார்டு டிஸ்க் கிடையாது. எழுதிய புரோகிராமைச் சாதாரண டேப் ரிக்கார்டரில், சினிமாப் பாட்டு பதிகிற கேசட்டில்தான் பதிவோம். போட்டுக் கேட்டால் 'கீய்ய்ய்... கிர்ர்ர்' என்று காது வலிக்கும். விநாடிக்கு 1,200 பிட். அதாவது சுமார் நூறு எழுத்து. உங்கள் கைப்பேசியில் எடுத்த மூன்று மெகாபைட் புகைப்படத்தை இப்படிப் பதிந்தால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எங்கள் கேசட்டில் 1989ஆம் வருடம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதிய புரோகிராம் இருந்தது. சித்திரைத் திருவிழா விடுமுறை முடிந்து வந்ததும் எழுதினான். நீலக் கோடுகளாக வைகை ஆறு. இடது ஓரத்தில் இருந்து ஒரு குதிரை மெல்ல மெல்ல ஆற்றில் இறங்கும். அவ்வளவுதான். தலைமை ஆசிரியர்கூட வந்து பார்த்தார். எழுதியவனிடம் நகல் எதுவும் இல்லை. உலகத்தில் அது இருக்கிற ஒரே இடம் இந்தக் கேசட். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது.

டேப் ரிக்கார்டருக்குப் புது பெல்ட் போட்டு, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்து, ஓட விட்டோம். புரோகிராம் சிறுசிறு துண்டுகளாகப் பதிவாகியிருக்கும். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வரும். ஒன்றில் பிழை வந்தால், 'டேப்பைப் பின்னால் சுற்று' என்று திரையில் சொல்லும். சுற்றிவிட்டால் விட்ட இடத்தில் இருந்து தொடரும். மூன்றாம் துண்டுக்கு இரண்டு முறை சுற்றினோம், வந்தது. எட்டாம் துண்டுக்கு எத்தனை முறை சுற்றினோம் என்று கணக்கே இல்லை. மறுபடி மறுபடி ஓட்டினால் டேப் தேயும் என்று பயந்து, பேத்தி அந்தச் சத்தத்தைப் பேரனிடம் பதிவு செய்து வைத்தாள். அவனுடைய கணக்கிலும் பதின்மூன்று துண்டுகளில் பன்னிரண்டுதான் தேறியது.

போன துண்டில் இருந்தது என்ன தெரியுமா? குதிரையின் பின் பாதி!

அந்தப் பையன் இப்போது கடல் கடந்த நாட்டில், ஐம்பது வயதுக்காரர். பேத்தி ஒரு வேலை செய்தாள். தாத்தாவின் கீபோர்டிலேயே என்னை இமெயில் அடிக்க வைத்தாள். பேரன் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். மறுநாள் காலை பதில் வந்துவிட்டது. அதுவும் தமிழில், தாத்தாவின் திரையிலேயே!

தமிழ் எப்படி வந்தது? நாங்களே எழுத்து செய்தோம்! எட்டுக்கு எட்டு கட்டம் போட்ட ஒரு சதுரம்தான் தாத்தாவுக்கு ஓர் எழுத்து. ஒரு வரிசையில் உள்ள எட்டுக் கட்டங்களுக்கும் இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று விலை. நிரப்பிய கட்டங்களின் விலையைக் கூட்டினால் அந்த வரிசைக்கு ஓர் எண். எட்டு வரிசைக்கு எட்டு எண். 'ட' என்ன? இடப்பக்கம் ஒரு கோடு, அடியில் ஒரு கோடு. ஆகவே 64, 64, 64, 64, 64, 64, 126, 0. 'ப'வுக்கு வலப்பக்கமும் ஒரு கோடு: 66, 66, 66, 66, 66, 66, 126, 0. இரண்டையும் மாற்றி மாற்றி அச்சிட்டால் 'படபட'! 'ண', 'ஞ' போன்ற குண்டு எழுத்துகள் ஒரு சதுரத்தில் அடங்கவில்லை. பக்கத்துச் சதுரத்தையும் கடன் வாங்கினோம். இப்படிச் சொந்த எழுத்து வைக்க முதலில் 32 இடம்தான் இருந்தது. கூடுதல் இடம் வாங்க ஒரு கட்டளை இருக்கிறது என்று பேத்தி கண்டுபிடித்தாள். அவள்தான் இப்போது எனக்கு டீச்சர்.

பதிலில் இருந்தது இதுதான்: "டீச்சர், அந்த எண்கள் சுத்தமாக ஞாபகம் இல்லை. வால் தூக்கி இருக்கும். அது மட்டும் நிச்சயம்."

ஆகவே எங்கள் வீட்டு டி.வி.யில் இப்போது அரைக் குதிரை ஒன்று வைகையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. முன்னங்கால் இரண்டும், கழுத்தும், தலையும் பத்திரமாக இருக்கின்றன. மேலே ஒரு சதுரம், கீழே ஒரு சதுரம் காலி. குட்டீஸ், கணக்கு நோட்டில் இருந்து கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுங்கள். எட்டுக்கு எட்டாக இரண்டு சதுரம், ஒன்றின் கீழ் ஒன்று. குதிரை வலப்பக்கம் பார்த்து நிற்கிறது. பின்பக்கத்தை வரைந்து, வரிசைக்கு ஓர் எண் வீதம் பதினாறு எண்களை எழுதி இந்தப் பகுதியின் முகவரிக்கு அனுப்புங்கள். வந்ததை எல்லாம் தாத்தாவிடம் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கிறேன்.

வாலைத் தூக்கி வரைய மறந்துவிடாதீர்கள்!